இழுவைத் தொட்டியும் அலைத் தொட்டியும்

விசாகப்பட்டினத்தின் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் பெரிய தொட்டிகள் இரண்டு உண்டு. ஒன்று 500 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழமுள்ள இழுவைத் தொட்டி. மற்றது 135 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமுமாகப் பரந்த அலைத் தொட்டி. கப்பலை நகர்த்த எவ்வளவு விசை தேவை என்று முன்னதில் பார்க்கிறார்கள். அலையில் அது எப்படி ஆடும், எப்படித் திரும்பும் என்று பின்னதில். இத்தகைய தொட்டிகளில் வேலை பார்க்கும் மின்னணுப் பொறியாளருக்கு இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் மெழுகுக் கப்பல் மாதிரிகளை இழுத்தபோது, சுழலும் உருளையில் பேனா கோடு கிழித்தது. இன்று அந்தப் பேனாவின் இடத்தில் விசையை அளக்கும் ‘லோடு செல்’ கருவியும் கணினியும் இருக்கின்றன. மாதிரியின் அளவீட்டைக் கப்பலுக்கு மாற்ற அவர் வகுத்த விதி மட்டும் மாறவில்லை. 1:25 மாதிரியில் அளந்த அலைத்தடையின் விசை கப்பலில் 25இன் மும்மடியாக, அதாவது 15,625 மடங்காகப் பெருகும். காலம் 5 மடங்காக நீளும்.

இழுவைத் தொட்டியில் தண்டவாளத்தில் ஓடும் வண்டியொன்று மாதிரியை இழுத்துச் செல்கிறது. 100 நியூட்டன் லோடு செல் முழுச்சுமையில் 20 மில்லிவோல்ட் தருகிறது என்றால், 10 கிராம் எடைக்கு வருவது சுமார் 20 மைக்ரோவோல்ட்தான். அந்தப் 10 கிராம் பிழை கப்பலில் 156 கிலோவாகிவிடும். பக்கத்திலேயே வண்டியின் மோட்டார்கள் மின் இரைச்சலைக் கொட்டுகின்றன. ஈரக்காற்றில், சுமையில்லாதபோது காட்டும் பூஜ்யமும் நகர்கிறது. ஆகவே ஷீல்டு, எர்த், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு பூஜ்யம் பார்ப்பது, எடைக்கல் தொங்கவிட்டுச் சரிபார்ப்பது ஆகியவைதான் இங்கே அன்றாட வேலை. வேகம் சீரானதும் வேண்டியது சராசரி மட்டுமே. ஃபில்டரை இறுக்கி இரைச்சலை அடக்கிவிடலாம்.

அலைத் தொட்டியில் மாதிரி கயிறில்லாமல் தானே ஓடும். பேட்டரி, மோட்டார், சுக்கான், ஜைரோ எல்லாம் அதன் வயிற்றுக்குள். அலை உயரமானி கரையில். ஆட்டத்தின் அளவு வயர்லெஸில் வருகிறது. கப்பல் 10 விநாடிக்கொருமுறை உருண்டால் மாதிரி 2 விநாடிக்கொருமுறை உருளும். அலை உயரமானி, ஜைரோ இரண்டின் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று 0.1 விநாடி பிசகினால் அலைக்கும் ஆட்டத்துக்கும் இடையிலான கட்டத்தில் (phase) 18 பாகை பிழை. முன்பு கைகொடுத்த ஃபில்டர் இங்கே சிக்னலைத் தாமதப்படுத்திக் காலை வாரும். கடலில் அரை மணி நேரத்துக்கு ஈடான பதிவுக்கு 6 நிமிடம் வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் மாதிரிக்கு 135 மீட்டர் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலேயே தீர்ந்துவிடும். எனவே பல ஓட்டங்களைச் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

அடுத்த ஓட்டத்துக்கு முன்பு நீர் அடங்கும்வரை காத்திருப்பது இரண்டுக்கும் பொது. மற்றபடி, ஒன்றில் எதிரி இரைச்சல், இன்னொன்றில் தாமதம். இழுவைத் தொட்டியின் தவறு எடைக்கல் வைத்ததும் பிடிபடும். அலைத் தொட்டியின் கடிகாரப் பிழையோ வரைபடத்தில் அழகான வளைவாகவே தெரியும். கடினமானது எதுவென்று கேட்டால், அலைத் தொட்டிதான்.