கொழுப்பீரலும் சிரோசிஸ் நோய்க்கான மருந்தாய்வுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

1980ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த நோயியலறிஞர் யூர்கன் லுட்விக்கும் அவர்தம் துணைவரும் இருபது நோயாளரின் ஈரல் இழையங்களை ஆராய்ந்து கட்டுரையொன்று வெளியிட்டனர். நுணுக்குக்காட்டியின் கீழ் அவ்விழையங்கள் நெடுங்காலம் மது அருந்தியோரின் ஈரலையே ஒத்திருந்தன. ஆயின் அந்நோயாளரோ மதுசாரத்தை மிகையாக அருந்தியவரல்லர். பெரும்பாலோர் உடற்பருமன் உடையவராயிருந்தனர். அதுவரை பெயரற்றிருந்த அந்நோய்க்கு, மதுசாரஞ் சாராத கொழுப்பீரல் அழற்சி என்று பொருள்படும் பெயரை அவர்கள் இட்டனர். நோயாளி மறைவாகக் குடிக்கிறார் என வைத்தியர் ஐயுறுவதற்கு இடந்தந்த நோயொன்றுக்குத் தனிப்பெயர் கிடைத்தமை சிறிய செய்தியன்று. 2023இல் அப்பெயரும் மாற்றப்பட்டு, உடலின் அனுசேபக் கோளாறோடு இந்நோய் தொடர்புபடுத்தப்பட்டது.

இந்நோய் முற்றியவிடத்து ஈரலில் நார் பெருகி, ஈரல் இறுகிக் கரணை கட்டுகின்றது. இந்நிலைக்குச் 'சிரோசிஸ்' என 1819இல் பெயரிட்டவர் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் ஆவார். மங்கிய மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயரது. சிரோசிஸ் முற்ற முற்ற ஈரலிலுள்ள கொழுப்பு மறைந்துவிடுவதும் உண்டு. அணைந்த அடுப்பின் சாம்பலைப் பார்த்து எவ்விறகு எரிந்ததெனக் கூறவியலாதது போல, காரணம் அறியப்படாத சிரோசிஸ் எனப் பதியப்பட்ட பலரின் நோய்க்கு மூலம் கொழுப்பீரலே என்பது 1990களிலேதான் தெளிவாகத் தொடங்கியது.

சிரோசிஸ் ஒருமுறை தோன்றின் மீளாது என்பது வைத்தியரிடையே நெடுங்காலம் நிலவிய கொள்கையாகும். மருந்தாய்வுகளின் வரலாறு இக்கொள்கையோடு நடந்த வழக்காகவே அமைந்தது. நார்களைப் பிணைக்கும் நொதியமொன்றைத் தடுக்கும் சிம்ருசுமாப் என்னும் மருந்து, சிரோசிஸ் கண்ட 258 பேரிடத்தும் சோதிக்கப்பட்டுப் பயனின்றி 96 வாரங்களின் பின் கைவிடப்பட்டது. அடுத்து செலொன்சேர்ரிப் என்னும் மருந்து 877 நோயாளரிடத்து 48 வாரங்கள் சோதிக்கப்பட்டது. 2019இல் அதன் முடிவு வெளியாயிற்று. உயர்ந்த அளவில் மருந்துண்டோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நார்ப்பெருக்கம் ஒரு படியேனும் குறைந்திருந்தது. மருந்தில்லாப் போலிக் குளிகை உண்டோரிலும் நூற்றுக்கு 12.8 பேருக்கு அவ்வாறே குறைந்திருந்தது. பித்த அமிலத்தின் வழிவந்த ஒபெரிக்கோலிக் அமிலமும் 2022இல் இவ்வாறே தோல்வி கண்டது.

போலிக் குளிகை உண்டோர் குணமடைவது எங்ஙனம்? இவ்வினாவே இவ்வரலாற்றின் மையம் எனலாம். ஆய்வுகளில் ஈரலின் நிலையை அறிய ஊசியால் இழையத்துண்டு எடுப்பர். அத்துண்டு முழு ஈரலின் ஏறத்தாழ ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். நார்ப்பெருக்கமோ ஈரலெங்கும் ஒரே சீராக இருப்பதன்று. முதல் ஊசி நார் மிகுந்த இடத்திலும் அடுத்த ஊசி நார் குறைந்த இடத்திலும் இறங்கின், நோய் தணிந்ததாகவே கணக்கில் விழும். ஒரே துண்டை நோக்கும் நோயியலறிஞர் இருவர் முரண்படுவதும் உண்டு. இவற்றோடு, ஆய்விற் சேர்ந்தமையாலேயே உணவிலும் நடையிலும் கவனங்கொள்வோரும் உளர். 2023இல் வெளியான சிறு ஆய்வொன்று இதற்கு நல்ல சான்று. சிரோசிஸ் கண்ட 71 பேர் அதிற் பங்குபற்றினர். உடல் எடையைக் குறைக்கும் செமக்ளூரைட் மருந்து பெற்ற 47 பேரில் ஐவருக்கும், போலி மருந்து பெற்ற 24 பேரில் எழுவருக்கும் நார் குறைந்திருந்தது. மருந்து பெற்றோரின் எடையோ நன்கு குறைந்திருந்தது!

எனினும் தோற்ற ஆய்வுகள் வீணாயின என்றல் பொருந்தாது. சிம்ருசுமாப், செலொன்சேர்ரிப் ஆய்வுகளிற் பங்குபற்றிய சிரோசிஸ் நோயாளர் 1,135 பேரின் தரவுகளை ஆராய்ச்சியாளர் பின்னர் ஒன்றுசேர்த்து நோக்கினர். அவர்களுள் 176 பேருக்குச் சிரோசிஸ் பின்வாங்கியிருந்தது. அவ்வாறு பின்வாங்கியோரிடத்து ஈரல் சார்ந்த ஆபத்துகள் ஏனையோரைக் காட்டிலும் பன்மடங்கு குறைவாயிருந்தன. மீளாது என்ற பழங்கொள்கையைத் தளர்த்தியதில் பயனற்றவையெனத் தள்ளப்பட்ட மருந்துகளின் ஏடுகளுக்கும் பங்குண்டு.

2024 மார்ச்சில் ரெஸ்மெரிரொம் என்னும் மருந்துக்கும், 2025 ஓகஸ்டில் செமக்ளூரைட்டுக்கும் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டும் சிரோசிஸ் நிலையை எட்டாத நோயாளருக்கே உரியன. எவருக்கு ஆபத்து மிகுதியோ அவரே வாயிலுக்கு வெளியே நின்றனர்.

இந்நிலையிலேயே எபுருக்சிபேர்மின் என்னும் மருந்தின் ஆய்வு கவனத்தை ஈர்த்தது. உடலில் இயல்பாகச் சுரக்கும் எவ்.ஜி.எவ். 21 என்னும் ஓமோனைப் பின்பற்றி ஆக்கப்பட்ட புரதம் அது. சிரோசிஸ் கண்டும் ஈரல் இன்னும் ஈடுகொடுத்துவந்த 181 பேர் ஆய்விற் பங்குபற்றினர். ஆய்வின் தலையாய வினாவுக்கு 36ஆம் வாரத்தில் விடை காணப்படுமென முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அவ்வாரத்தில் போலி மருந்து பெற்ற 61 பேரில் 8 பேருக்கும், 50 மில்லிகிராம் பெற்ற 63 பேரில் 12 பேருக்கும் நார் குறைந்திருந்தது. வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. விதிப்படி நோக்கின் ஆய்வு தோற்றது. ஆயினும் மருந்து தொடரப்பட்டது. 96ஆம் வாரத்தில் போலி மருந்து பெற்றோரில் 7 பேர், 50 மில்லிகிராம் பெற்றோரில் 18 பேர். பல்லாண்டுகள் படிந்த நார் ஒன்பது திங்களிற் கரையுமென எதிர்பார்த்ததே பிழையோ என எண்ணத் தோன்றுகின்றது. ஆயின் சிம்ருசுமாப் அதே 96 வாரங்களிலும் பயன்தரவில்லை என்பதை மறத்தலாகாது.

2025இல் இம்முடிவு இருவகையாக வெளிவந்தது. இரு வேளையும் இழையத்துண்டு கொடுத்தோரை மட்டும் கணக்கிட்டபோது நூற்றுக்கு 39 எதிர் 15. ஆய்விற் சேர்ந்த அனைவரையும் கணக்கிட்டு, இரண்டாம் துண்டு கிடைக்காதோரைக் குணமடையாதோர் எனக் கொண்டபோது நூற்றுக்கு 29 எதிர் 11. முன்னையது கண்ணைக் கவர்வது, பின்னையதே நம்பத்தக்கது. ஏனெனில் இடையில் விலகியோர் எக்காரணத்தால் விலகினர் என்பதை இழையத்துண்டு சொல்வதில்லை.