கடைசி பெஞ்சுக் கேள்விக்கு ஒரு பதில்



தலைவாரிய சீப்பைக் காட்டினால் காகிதத் துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் செய்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? "இதனால் என்ன சார் பயன்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அன்று இடிதாங்கியைச் சொல்லிச் சமாளித்தேன். மீதிப் பதில் இதோ.

1843இல் மைக்கேல் ஃபாரடே, பனிக்கட்டி வைக்கும் உலோக வாளி ஒன்றின் வெளிப்புறத்தை நிலைமின்காட்டியோடு இணைத்தார். மின்னூட்டம் பெற்ற பித்தளைக் குண்டைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கினார். குண்டு வாளியைத் தொடவில்லை. ஆனாலும் மின்காட்டியின் இலைகள் விரிந்தன. மின்னூட்டம் இருப்பதைத் தொடாமலே அறியலாம் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

சுமார் 130 ஆண்டுகள் கழித்து, 1970களில், அமெரிக்க விமானப்படை ஆய்வாளர்கள் இதே தத்துவத்தை ஜெட் என்ஜினில் பயன்படுத்தினார்கள். நல்ல என்ஜினின் புகையிலும் நுண்ணிய கரித்துகள்கள் மின்னூட்டத்தோடு வரும். அது சீரான முணுமுணுப்பு போன்றது. டர்பைன் பிளேடின் நுனி உறையில் உரசினாலோ, எரியறையின் சுவர் தீய்ந்து உதிர்ந்தாலோ, மின்னூட்டம் ஏறிய உலோகத் துகள்கள் புகையோடு பறக்கும். வழியில் பொருத்திய உணரியை அவை கடக்கும்போது மின்குறி சட்டென்று எகிறும்.

எண்ணெயில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்கும் முறை முன்பே உண்டு. ஆனால் அது எண்ணெய் ஓடும் பேரிங், பல்சக்கரங்களின் தேய்மானத்தை மட்டுமே சொல்லும். நெருப்பு ஓடும் பாதையின் கதையைப் புகைதான் சொல்ல வேண்டும். பிறகு இங்கிலாந்திலும் இதை வளர்த்தெடுத்தார்கள்.

ஆனால் இது சர்வரோக நிவாரணி அல்ல. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் விழுந்து நொறுங்கியது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால்பகுதி என்ஜினின் விசிறித் தட்டில் இருந்த விரிசலைத் தரைப் பரிசோதனையில் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். விரிசல் என்பது துகள் எதையும் உதிர்க்காமல் உள்ளுக்குள்ளேயே வளர்வது. அதைப் புகை காட்டிக்கொடுக்காது. பொறுமையாகப் பார்க்கும் மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, கருவி வந்துவிட்டது என்று கவனத்தைக் கைவிடாதீர்கள்.

கேள்வி கேட்ட கடைசி பெஞ்சுக்காரன் இதைப் படித்தால், கீழே கை தூக்கவும்!