படைவீடு நீங்கி வீடு திரும்பியோர்

சாவடி என்பது வழிப்போக்கர் சுமையிறக்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும் சொல். சென்னைக்கு மேற்கே, போரூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையில் உள்ள குமணன்சாவடி இன்று கடைகளும் பேருந்துகளும் மெட்ரோத் தூண்களும் நெருங்கி நிற்கும் சந்திப்பாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் பரங்கிமலையில் பீரங்கிப் படையினர் தங்கியிருந்தனர். பூவிருந்தவல்லியில், நோயுற்ற வெள்ளை வீரர் உடல்தேறும் முகாம் இருந்தது. அவ்விரண்டையும் இணைத்த சாலை இவ்வழியே சென்றது. வடக்கேயுள்ள ஆவடியோ இன்றளவும் படைத்துறையோடு பிணைந்த நகர். எனவே படைவீரனை அறியாத பகுதி அன்று இது. போருக்குச் சென்றோரைக் குறித்து எழுதப்பட்ட நூல்கள் பல. திரும்பி வந்தோரைக் குறித்து எழுதப்பட்டவை சிலவே. அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சமுதாயம் செய்தது யாது என ஈண்டு நோக்குவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் உடல் தளர்ந்த வீரருக்கும், இறந்தோரின் விதவைகளுக்கும் உதவ 1770-ல் கிளைவ் பிரபுவின் பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. வெள்ளை வீரரின் அநாதைப் பெண்மக்களுக்குச் சென்னையில் 1787-லும், ஆண்மக்களுக்கு எழும்பூரில் 1789-லும் இல்லங்கள் நிறுவப்பட்டன. எழும்பூர் இல்லத்தை நடத்திய குருவானவர் ஆண்ட்ரு பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். மூத்த மாணவன் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டார். திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு அது புதிதன்று. ஆயினும் 1797-ல் அவர் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாக அது ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குச் சென்றது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அவ்வில்லத்துப் பிள்ளைகள் பலரின் அன்னையர் இந்தியப் பெண்கள். தாயின் செல்வாக்கினின்று பிள்ளையை விலக்குவதும் அவ்வில்லத்தின் நோக்கங்களில் ஒன்றாயிருந்தது. இந்தியச் சிப்பாயின் பிள்ளைகளுக்கோ அங்கு இடம் வகுக்கப்படவில்லை. பிள்ளையைக் காக்கத் தாயைப் பிரித்த அறம் முழுமையான அறம் ஆகுமோ?

முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-ல் இந்திய வீரரின் நலனுக்கென ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. 1975 முதல் கேந்திரிய சைனிக் போர்டு என வழங்குவது அதுவே. இன்று மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் அவ்வமைப்பின் கிளைகள் போன்றவை. ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடிநாளாகக் கொண்டாடும் வழக்கம் 1949-ல் தோன்றியது.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் இந்தியப் படையினர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஊர் திரும்ப வேண்டியவராயினர். அவர்களுக்கு வேலை தேடித்தர 1945 ஜூலையில் ஓர் இயக்குநரகம் ஏற்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகங்களும் திறக்கப்பட்டன. பிரிவினைக்குப்பின் அவை அகதிகளுக்கு உதவின. 1948-ல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பர் 1 முதல் மாநில அரசுகளின் பொறுப்பாயின. நம் இளைஞர் பள்ளிச் சான்றிதழுடன் வரிசையில் நின்று பதிவு செய்த அலுவலகம், வீடு திரும்பிய சிப்பாய்க்காகத் தோன்றியது என்பதை எத்தனை பேர் அறிவர்?

போரில் கண்ணிழந்தோரின் வரலாறு நம்மைப் பூவிருந்தவல்லிக்கே அழைத்து வருகிறது. பார்வையிழந்த பத்திரிகையதிபர் ஆர்தர் பியர்சன், கண்ணிழந்த வீரருக்கென லண்டனில் 1915-ல் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தை நிறுவினார். அவ்வாண்டே கல்லிப்போலிப் போரில் கண்ணிழந்த நியூசிலாந்து வீரர் குளூத்தா மெக்கன்சி அங்கே பயிற்சி பெற்றார். 1943-ல் அப்பெயருடனேயே ஓர் இல்லம் டேராடூனில் இந்திய வீரருக்கெனத் தொடங்கியபோது, அதனை நடத்தியவர் அவரே. இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்கப்படுவதற்கும் அவர் உழைத்தார். டேராடூன் இல்லம் 1950-ல் பார்வையற்ற பொதுமக்களுக்கும் உரியதாயிற்று; 1979-ல் தேசிய நிறுவனமாயிற்று. அதன் வட்டார மையம் 1988-ல் தோன்றி, பூவிருந்தவல்லி டிரங்க் சாலையில் பணியாற்றி வருகிறது. வெண்கோலுடன் அச்சாலையில் நடப்பவர், தாம் அறியாத ஒரு வீரனின் காயத்தினால் விளைந்த நன்மைக்குப் பங்காளியாகிறார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, திரும்பிய வீரனுக்கு நேர்மையாகச் செய்த உதவி அவனோடு நின்றுவிடுவதில்லை. அது ஊருக்கே பொதுவாகிறது. இரண்டாவது, பணம் மட்டும் மறுவாழ்வு அளிப்பதில்லை. தொழிலும் கல்வியும் தோழமையும் வேண்டும். போர்ச்செய்தி கேட்டு ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்து முடவனான மேவிபோசேத்தைத் தாவீது தேடி அழைத்தபோது, நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு அமையாமல், தன் பந்தியிலும் அமர்த்தினான் என்பதை நாம் நினைவுகூர வேண்டும்.

சிப்பாய்கள் பலர் நாற்பது வயதை எட்டுமுன்னரே ஓய்வு பெறுகின்றனர். அத்தனை ஆண்டுகள் தனியே வீட்டை நடத்திய மனைவியும், விடுமுறையில் மட்டும் தந்தையைக் கண்ட மக்களும் அவரோடு வாழ மீண்டும் பழக வேண்டியவராகின்றனர். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்வோர் நான்கே ஆண்டுகள் பணியாற்றுவர். அவர்களுள் 25 சதவீதத்துக்கு மேற்படாதோரே நிலைநிறுத்தப்படுவர். ஏனையோர் ஒரு தொகையைப் பெற்று, ஓய்வூதியமின்றி, இருபத்தைந்து வயதை ஒட்டி ஊர் திரும்புவர். அவர்களை எதிர்கொள்ள நமது சபைகள் ஆயத்தமாயுள்ளனவா? குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க அறியாத விதவைக்குத் துணைசெல்லவும், உறக்கமிழந்த வீரன் பேச விரும்பும்போது பொறுமையாய்ச் செவிகொடுக்கவும், தேவைப்படின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் போதகர்களும் மூப்பர்களும் பழகிக்கொள்ள வேண்டும்.

குமணன்சாவடியில் வழிப்போக்கர் சுமையிறக்கும் மண்டபத்தை இன்று தேடுவார் இல்லை. ஆயினும் நெடுவழி வந்தவனுக்குச் சுமையிறக்க ஓர் இடம் வேண்டும் என்னும் தேவை மாறவில்லை. சபை அவனுக்கு அத்தகைய சாவடியாக விளங்குமாக.