வம்சச் சான்றும் குடிவரவுரிமையும்

மனிதன் ஒருவன் யாரென்பதை அவனது வாய்மொழி நிறுவுமா, அரசாங்க ஏடு நிறுவுமா, அன்றி அவன் பிறந்த சமூகத்தின் நினைவு நிறுவுமா? தத்துவ வினாவெனத் தோன்றும் இது, இஸ்ரேலிற் குடியேற விண்ணப்பிப்போர்க்கு நடைமுறை வினாவாயிற்று. 1950ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள் இஸ்ரேலியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய மீள்வருகைச் சட்டம், யூதர் ஒவ்வொருவரும் அந்நாட்டிற் குடியேறும் உரிமையுடையர் என்றது. ஆயின், யூதர் எவர் என்பதை அது வரையறுக்கவில்லை.

யூத மதச்சட்டம் தாய்வழியையே கொள்வது. யூதத் தாய்க்குப் பிறந்தவரும் முறைப்படி அம்மதத்தைத் தழுவியவருமே அதன்படி யூதராவர். நாசி ஜேர்மனி 1935இல் வகுத்த நூரம்பேர்க் சட்டங்களோ வேறோர் அளவுகோலைக் கைக்கொண்டன. பாட்டன் பாட்டியர் நால்வருள் மூவரேனும் யூதராயிருப்பின் பேரரும் யூதரெனக் கொள்ளப்பட்டனர். தாம் யூதரல்லர் என நிறுவவேண்டியோர் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளை நாடினர். போர் முடிவில் ஐரோப்பிய யூதருள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் மடிந்திருந்தனர். பல ஊர்களிற் பதிவேடுகளும் சாட்சி கூறவல்ல உறவினரும் ஒருங்கே அழிந்தமையால், வம்சத்துக்குச் சான்று வேண்டப்பட்ட காலத்திற் சான்றே அரிதாயிற்று.

வரையறையின்மை விரைவில் வழக்குகளை விளைத்தது. போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்து, நாசிகளிடமிருந்து யூதர் பலரைக் காத்து, பின்னர் கத்தோலிக்கத் துறவியான ஒஸ்வால்ட் ரூபைசன், தாம் இனத்தால் யூதரே என வாதிட்டார். 1962இல் உயர் நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. 1970இல், கடற்படை அதிகாரி ஷாலித் என்பார், யூதரல்லாத தம் மனைவிக்குப் பிறந்த பிள்ளைகளைத் தேசியத்தால் யூதரெனப் பதியுமாறு தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் அவர் பக்கம் நின்றனர்.

அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் தழுவியவர், பிற மதத்தவரல்லாதவர் என வரையறை தரப்பட்டது. அதேவேளை யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்தம் வாழ்க்கைத் துணைவர் ஆகியோர்க்கும் குடிவரவுரிமை நீட்டப்பட்டது. பாட்டன் ஒருவரால் இன்னலுற்றோர் அப்பாட்டனாலேயே புகலிடமும் பெறலாயினர்.

இம்முரண் சோவியத் ஒன்றியத்தில் மேலும் தெளிவாகப் புலப்பட்டது. 1932இல் அறிமுகமான உள்நாட்டுக் கடவுச்சீட்டிலே தேசியவினம் குறிக்கப்பட்டது. ‘ஐந்தாம் வரி’ என வழங்கிய அக்குறிப்பு, பல்கலைக்கழக அனுமதிக்கும் உத்தியோகத்துக்கும் தடையாயிருந்தமையால், கலப்பு மணத்துப் பிள்ளைகள் பலர் பதினாறாம் வயதில் யூதரல்லாப் பெற்றோரின் இனத்தையே தெரிந்தனர். 1989இன் பின் பெருந்தொகையினர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபோது, மறைக்கப்பட்ட அவ்வரியே தேடப்படும் செல்வமாயிற்று. பாட்டியின் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், கல்லறைக் கல்லின் எழுத்தும் சான்றுகளாயின.

எழுத்தாவணமே இல்லாச் சமூகங்களின் நிலை வேறு. எதியோப்பிய யூதரின் வம்சத்தை வழிவழி வந்த வாய்மொழி மரபும் வழிபாட்டு முறையுமே காத்தன. 1973இல் தலைமை மதகுரு ஓவதியா யோசேப் அவர்களை யூதரென ஏற்றார். 1975இல் அரசும் மீள்வருகைச் சட்டத்தை அவர்கள்பாற் செலுத்தியது. இந்தியாவின் கொங்கணக் கரையிலிருந்து சென்ற பெனே இஸ்ரேலியரோ, நாட்டினுட் புகுந்த பின்னரே ஐயத்துக்குள்ளாயினர். திருமணத்தின்போது அவர்தம் முன்னோரை ஆராயுமாறு மதபீடம் பணித்தது. அவர்கள் கிளர்ந்தெழ, 1964இல் பாராளுமன்றம் அவர்களை முழுமையான யூதரென அறிவித்தது.

குடிவரவு அலுவலகத்தின் அளவுகோலும் மதபீடத்தின் அளவுகோலும் இன்றும் ஒன்றல்ல. தந்தைவழிப் பாட்டனாற் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டு யூத மதபீடத்தின்முன் மணம்புரிதல் இயலாது. மறுபுறம், 1948ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த பலஸ்தீனர் பலர் தம் காணியுறுதிகளையும் வீட்டுச் சாவிகளையும் பேணியபோதிலும், அவை அவர்களுக்கு மீளும் உரிமையை அளிக்கவில்லை.

ஆகவே, ஆவணம் தானாகவே உண்மையை உரைப்பதில்லை. அதனை ஏற்கும் அரசு எதனைக் கேட்கிறதோ அதனையே அது உரைக்கின்றது. ஒரே வரி ஒரு காலத்திற் சிறையாகவும் பிறிதொரு காலத்தில் வாயிலாகவும் அமைந்த வரலாறு, வம்சச் சான்று கோரும் எவ்வரசும் மறத்தற்கரிய பாடமாகும்.