பேச்சில்லாமல் சிரிக்க வைத்த ஆடு: 'ஷோன் த ஷீப்' முதற் பருவம்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இயங்கும் ஆர்ட்மான் நிறுவனம் தயாரித்த 'ஷோன் த ஷீப்' சிறுவர் தொடர், 2007 மார்ச்சில் பீபீசியில் ஆரம்பமானது. முதற் பருவத்தில் 40 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் சுமார் 7 நிமிடம்.

ஷோன் அதற்கு முன்பே அறிமுகமான பாத்திரம். நிக் பார்க் இயக்கிய 'எ குளோஸ் ஷேவ்' (1995) படத்தில் முதலில் தோன்றியது. தொடரிலோ அது பண்ணையொன்றின் குறும்புக்கார ஆடு. மந்தையைக் காக்கும் நாய் பிட்சர், சூப்பானோடு திரியும் குட்டி டிம்மி, எதையும் கவனிக்காத பண்ணைக்காரர் ஆகியோர் மற்றப் பாத்திரங்கள். முதல் அத்தியாயத்தில் ஆடுகள் ஒரு கோவாவைப் பந்தாக்கி உதைபந்தாட்டம் ஆடுகின்றன.

பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் படம் பிடித்து உருவாக்கப்பட்ட தொடர் இது. பேச்சுக்கேற்ப வாயசைக்க வைப்பது நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. இங்கு வசனமே இல்லை. ஆடுகள் கத்துகின்றன, பண்ணைக்காரர் முணுமுணுக்கிறார். கதை முழுவதையும் உடலசைவும் முகபாவமுமே சொல்கின்றன. அதனால் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இதன் பெறுமதியை நான் வகுப்பறையில் அல்ல, வீட்டில்தான் அறிந்தேன். இறுதி யுத்தத்தில் செல் விழுந்து என் தம்பிக்குக் காது கேளாமல் போனது. மற்ற நிகழ்ச்சிகளில், நாங்கள் சிரித்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவன் சிரிப்பான். இந்தத் தொடரில் எங்களுக்கு முதலே சிரித்தான்.