இலங்கை அடுக்களையில் சோயா அவரை

இலங்கைத் தமிழர் சமையலில் உளுந்தும் பயறும் பழையவை. சோயா அவரை பிந்தி வந்தது. 1970களில் புரதக் குறைபாட்டைத் தீர்க்கும் பயிராக அரசு அதை ஊக்குவித்தது. அனுராதபுரம் போன்ற உலர்வலய மாவட்டங்களில் பயிரிடல் பெருகியது. 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவில் சோளத்துடன் சோயாவும் சேர்ந்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது கிளினிக்குகள் வழியே கிடைத்தது. பால்மாவும் கலந்ததால் அதை முழுத் தாவர உணவு என்று சொல்ல முடியாது.

வீட்டில் அவரையைப் பக்குவப்படுத்துவதே பெரும் தடையாக இருந்தது. ஊறவைத்துப் பச்சையாக அரைத்தால் அதிலுள்ள நொதி ஒன்று கொழுப்பைத் தாக்கிப் பச்சை வாடையைக் கிளப்பும். கண்டிக்கு அருகே கன்னொறுவையில் இயங்கிய சோயா உணவு ஆய்வு நிலையத்தின் பணியில் இந்த வாடையைப் போக்கும் வீட்டுப் பக்குவங்கள் முக்கிய இடம் பெற்றன. சிறிது அப்பச்சோடா கலந்த நீரில் ஊறவைத்து, முழு அவரையாகவே கொதிக்கவிட்டு, பிறகு அரைப்பது ஒரு முறை. வாடையும் போகும், செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் வெப்பத்தில் பெருமளவு செயலிழக்கும். அரைத்ததை வடித்தால் பால். சூடான பாலில் தேசிக்காய்ப் புளி விட்டால் திரண்டு கட்டியாகும். சக்கையை வடைக்குச் சேர்க்கலாம். அருமையான இந்தப் பக்குவம் பரவலாகாதது பெரிய இழப்பு.

ஆனால் இறைச்சிக்கு மாற்றாகக் கடைப் பொட்டலத்தில் வந்த சோயா மீற்றே வென்றது. திருகோணமலை லிங்கநகர் போன்ற ஊர்களில் விரத நாளில், தேங்காய்ப்பால் விட்ட சோயா மீற் கறி பாலோ நெய்யோ இல்லாமலே நிறைவான கறியாகிறது.