கைக்கு வந்த கூலி

தான் உழைத்துப் பெற்ற கூலியைப் பெண் தன்னிடமே வைத்துக்கொள்வது இன்று இயல்பாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மணமான பெண்ணின் வருமானம் கணவனுக்கே உரியதாயிருந்தது. அம்மாநிலத்தின் லோவல் நகரத்துப் பருத்தி ஆலைகளுக்குக் கணவனிடமிருந்து தப்பி, வேறு பெயர் சூடி வேலைக்கு வந்த பெண்களும் உண்டு. அங்குச் சிறுமியாய் வேலை செய்த ஹாரியட் ராபின்சன் 1898இல் வெளியிட்ட நினைவுநூலில் இதைக் கூறுகின்றார்.

எனினும் 1820களிலும் 1830களிலும் அங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் மணமாகாத உழவர் மகளிர். கம்பெனி விடுதியில் இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு. ஞாயிறு வழிபாடு கட்டாயம். ஆயினும் கூலி அவர்கள் கைக்கே வந்தது. 1829இல் தொடங்கிய சேமிப்பு வங்கியில் அதைச் சேர்த்து வைத்தனர். தந்தையின் நிலக்கடனை அடைத்தவர்களும், தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பிய அக்காமார்களும் உண்டு. (அந்தக் கல்லூரிகளில் அக்காமார்களுக்கு இடமில்லை.) 1840 முதல் அவர்களுடைய எழுத்துகளுக்கென ஓர் இதழே வெளிவந்தது.

அந்தக் கூலிக்கு விலையும் இருந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக, ஆலைமணியின் ஆணைப்படி உழைக்க வேண்டும். 1834இல் கூலியைக் குறைக்க முற்பட்டபோதும், 1836இல் விடுதிச் செலவை உயர்த்தியபோதும் பெண்கள் தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினர். இரண்டாம் போராட்டத்தில் தம் தளத்தாரை முன்னின்று அழைத்துச் சென்ற ஹாரியட்டுக்கு வயது பதினொன்று. விடுதி நடத்திவந்த அவருடைய தாயைக் கம்பெனி வேலைநீக்கம் செய்தது. பத்து மணி வேலைநாள் கேட்டு 1845இல் சாரா பேக்லி என்னும் ஆலைப்பெண் சட்டமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டியது இது என்று குழு கைகழுவிக்கொண்டது.

அப்பெண்களின் துணிவைப் போற்றும் நாம் ஒன்றை மறக்கலாகாது. வேலையை உதறினால் திரும்பிச் செல்ல அவர்களுக்குத் தந்தையின் வீடும் நிலமும் இருந்தன. நிலைமை மோசமாக, பலர் அவ்வாறே திரும்பினர். அவர்கள் விட்டுச்சென்ற தறிகளுக்கு, 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்திற்குத் தப்பிய அயர்லாந்துக் கத்தோலிக்கப் பெண்கள் வந்தனர். 1831 முதலே புனித பேட்ரிக் ஆலயம் அந்நகரில் இருந்தது. திரும்பிச் செல்ல ஊர்தான் இல்லை. கூலி அன்றன்றைய அப்பத்துக்கே சரியாயிற்று. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ நியாயக் கூலியைப் பற்றி எழுதியபோது, குடும்பத்தைத் தாங்கும் ஆண்மகனையே மனத்திற்கொண்டார். இவர்களைப் போன்ற மகளிரின் கூலி அங்குப் பேசப்படவில்லை.

பெண்களுக்கான பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்சில் 1874இல்தான் நிறைவேறியது. 1845இல் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட உழவர் மகளிர் ஆலையை விட்டு நெடுநாளாகியிருந்தது. சட்டத்தின் பயன் அயர்லாந்திலிருந்தும் பிரெஞ்சு கனடாவிலிருந்தும் வந்து தறிமுன் நின்ற பெண்களைச் சேர்ந்தது.